எல்லாருக்கும் முன்வரிசை

அவரிடம் எதையாவது கேட்டால் இல்லை என்ற பதில் வராது. அதுதான் பயம். கேட்டவர் வாயை மூடுவதற்குள் "அதுக்கென்ன, செஞ்சுருவோம்" என்று சொல்லிவிடுவார். கேட்டவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். ராத்திரி தூக்கம் கெடுவது எனக்கு.

ஊரில் அவரைச் செக்ரட்டரி என்றுதான் கூப்பிடுவார்கள். திருவிழாக் கமிட்டி, பஜனை மடம், வாலிபால் கிளப் எல்லாவற்றுக்கும் அவரே செக்ரட்டரி. ஒவ்வொருவரும் வந்து கேட்டார்கள், அவரும் ஒத்துக்கொண்டார், அவ்வளவுதான். தெற்கு மாசி வீதிப் பக்கம் சௌராஷ்டிரக் குடும்பம். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிற பட்டறை வைத்திருந்தார். அந்த வாரம் தொட்டியில் என்ன நிறமோ அது அவர் நகக்கண்ணிலும் இருக்கும். ஒரு வாரம் மஞ்சள், ஒரு வாரம் அரக்கு. வெள்ளை ஜிப்பா, வாயில் எப்போதும் சோழவந்தான் வெற்றிலை. கார் ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூடத் தெரியாது. எங்கே போனாலும் யாராவது ஒருவருடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில், இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கப்போட்டு உட்கார்ந்துதான் போவார். இப்படிப்பட்ட மனிதர்தான் மதுரைக்கு மோட்டார் பந்தயத்தைக் கொண்டுவந்தார்.

இன்றைக்குச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. எழுபதுகளின் கடைசி. ஒரு கல்யாணத்துக்காக மெட்ராஸ் போனவரை யாரோ கார் பந்தயம் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்டால் மறுப்பாரா? போய்விட்டு வந்தவர் வாரக்கணக்கில் அதையே பேசிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு ஆள் உட்காரும் வண்டி. கூரை கிடையாது, கதவு கிடையாது. நாலு சக்கரமும் நண்டுக்கால் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவன் பாதி படுத்த வாக்கில் ஓட்ட வேண்டும்.

"நம்ம பயலுகளுக்கு என்னப்பா கொறச்சல்? காளை மேல பாயிற பயலுகளுக்கு இது ஒரு பெரிய காரியமா?" என்றார்.

பழைய கார் எஞ்சினையும் இரும்புக் குழாயையும் வைத்து நாங்களே செய்து பார்க்கட்டுமா என்று அவனியாபுரத்துப் பட்டறைக்காரர்கள் கேட்டார்கள். அதுக்கென்ன என்றார். இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும் ஓட்டுகிற ஜூனியர் பந்தயம் அப்படித்தான் பிறந்தது. பேரையூர் போகிற பாதையில், யுத்த காலத்தில் போட்டுவிட்டு அப்படியே விட்டுப்போன விமான ஓடுதளம் ஒன்று கிடந்தது. சுற்றிலும் மானாவாரிக் காடு. ஓடுதளத்தின் இரண்டு நுனியிலும் காலித் தார் டிரம்களை அடுக்கி வைத்தோம். நேரே போய், டிரம்மைச் சுற்றித் திரும்பி, நேரே வருவதுதான் பாதை.

நான் அவருடைய தெருவில் ஒரு உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தேன். கடை ஸ்கூட்டர் என் கையில் இருந்ததால் அவர் உட்காரும் பின்சீட்டு பெரும்பாலும் என்னுடையதாகவே இருந்தது. பந்தயத்தில் எனக்குக் கொடுத்த வேலை, புறப்படுகிற கோட்டில் நின்று கொடி ஆட்டுவது. நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஜாதி. "கொடிக்கு உன்னை மாதிரி ஆளுதான் மாப்ள வேணும்" என்று அவர் சொன்னதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

முதல் பந்தயத்தன்று காலையில் பையன்களின் அப்பாமார் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். "எம் மகனுக்கு முன்வரிசைன்னு செக்ரட்டரி சொல்லிட்டாரு" என்றார் முதலில் வந்தவர். சரி என்று தலையாட்டினேன். அடுத்தவரும் வந்து அதையே சொன்னார். மூன்றாவது ஆள் வாயைத் திறக்கும்போதே எனக்கு வியர்த்துவிட்டது. எட்டு வண்டி. எட்டு அப்பாமாருக்கும் முன்வரிசை கொடுத்திருந்தார் மனிதர். ஓடிப்போய் அவரைப் பிடித்தேன்.

"அண்ணே, முன்னால ரெண்டு வண்டிதாண்ணே நிக்கும். எட்டுப் பேருக்கும் சொல்லி வச்சிருக்கீக."

"எடந்தான் அம்புட்டு அகலம் கெடக்கே மாப்ள. எட்டையும் ஒரே வரிசையா நிறுத்து."

நிறுத்தினோம். கல்யாணப் பந்தி மாதிரி எட்டு வண்டியும் ஒரே வரிசையில் நின்றன. வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு பந்தயம் கிளம்பியிருக்காது. கொடியைத் தூக்கும்போது என் கை ஆடியதைப் பார்த்துவிட்டு ஒரு பையன் சீக்கிரமே கிளம்பிவிட்டான். எட்டும் ஒரே பாய்ச்சலாகப் போய் அந்த ஒரே டிரம் அடுக்கை நோக்கிக் குவிந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு வண்டிகள் உரசிக்கொண்டதோடு போயிற்று, குலதெய்வம் காப்பாற்றியது. அவர் பந்தயத்தைப் பார்க்கவே இல்லை. எட்டு அப்பாமாரின் மலர்ந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு நடந்த பந்தயங்களிலும் எல்லாருக்கும் முன்வரிசைதான்.

அடிபட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவருடைய பட்டறை வேனில் மெத்தை போட்டு வைத்திருந்தோம். இரண்டாவது பந்தயத்தன்று வேனைக் காணோம்.

"எதிர்வீட்டுக்காரவுக பொண்ணு பாக்கப் போகணும்னு கேட்டாக. நல்ல காரியம்லப்பா, குடுத்துவிட்டேன்."

"இங்க ஆருக்காச்சும் அடிபட்டா என்னண்ணே செய்யிறது?"

"ஏன் மாப்ள ஒனக்கு வாயில அப்படியே வருது? ஒண்ணும் ஆகாது."

அன்றைக்குக் கடைசி வண்டி நிற்கிறவரை, ரோட்டில் வேறு வேன் ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் கொடி ஆட்டினேன். எதிர்வீட்டுப் பையனுக்கு அந்தப் பெண்ணே அமைந்தது, அது வேறு விஷயம். அடுத்த பந்தயத்திலிருந்து, விடிந்ததும் முதல் வேலையாக வேன் சாவியை வாங்கி என் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வேன். யார் கேட்டாலும் அவர் கொடுத்துவிடுவார், ஆனால் கொடுக்கச் சாவி இருக்காதே.

அவர் வீட்டில் அவரும் மனைவியும் தங்கள் சௌராஷ்டிர பாஷையில் பேசிக்கொள்வார்கள். எனக்கு ஒரு வார்த்தை விளங்காது. ஆனால் அந்தம்மா ஏதோ கேட்பதும், இவர் தலையாட்டுவதும், அந்தம்மா நம்பாமல் மறுபடி கேட்பதும், இவர் இன்னும் பலமாகத் தலையாட்டுவதும் விளங்குவதற்குப் பாஷை வேண்டியதில்லை. காபி டம்ளரை என்னிடம் நீட்டும்போது தமிழில் சொல்வார்: "நீங்களாச்சும் அவர் பக்கத்துலயே இருங்க தம்பி."

அவரை மோசக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒத்துக்கொண்டதில் பாதியை எப்படியாவது செய்தும்விடுவார். பட்டறையில் சேலை அலசுகிற பெண் ஒருத்தி தன் மகளுக்குக் காதுகுத்துக்கு வரவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அன்று ஊரே மழையில் மிதந்தது. ஸ்கூட்டர் கிளம்பவில்லை என்று நான் கையை விரித்ததும், ஜிப்பாவை மடியில் சுருட்டிக்கொண்டு வெறும் பனியனோடு முழங்கால் தண்ணீரில் நடந்தே போனார். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள மாமன் வந்து சேரவில்லையாம், இவரே மடியில் வைத்துக்கொண்டாராம். அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்கு அவர் மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. மறுநாளே அவர் யாருக்கோ எதற்கோ தலையாட்டி, அந்தப் பிரியம் போய் மறுபடி வயிற்றெரிச்சல் வந்துவிட்டது.

ஒருமுறை திருமங்கலத்துக்கு முன்னால் ஸ்கூட்டர் பஞ்சராகி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏண்ணே, ஒரே ஒரு தடவை முடியாதுன்னு சொல்லித்தான் பாருங்களேன்."

வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டார். "சொல்லலாம் மாப்ள. சொன்ன ஒடனே அவுக மூஞ்சி சுண்டிப்போகும் பாரு, அதை என்னால பாக்க முடியாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கியவன் நான். உண்மையில் எங்கள் இரண்டு பேரில் பெரிய பயந்தாங்கொள்ளி அவர்தான். நாளைக்கு என்ன ஆகுமோ என்று நான் பயந்தேன். அவருக்கு எதிரே நிற்கிற ஆளின் முகத்தைத் தாண்டி நாளை என்ற ஒன்று கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

இதெல்லாம் ஊரார் விவகாரமாக இருந்தவரை சமாளித்தேன். பிறகு அது என் வீட்டுக்குள் வந்தது.

என் தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்த வண்டிகளைச் செய்த அவனியாபுரத்துப் பட்டறையில்தான் வேலை. எங்கள் அப்பா, நாங்கள் சிறுவர்களாக இருக்கும்போதே, உழவு டிராக்டர் கவிழ்ந்து அதன் அடியில் போனவர். அதனால் அம்மாவுக்குச் சக்கரம் வைத்த எதுவும் ஆகாது. பந்தயம் தொடங்கிய புதிதில் அவளே செக்ரட்டரியைத் தேடிப்போய், "எம் பிள்ளையை மட்டும் அந்த வண்டியில ஏத்திராதீகய்யா" என்று கேட்டுக்கொண்டாள். "ஏத்துவேனாக்கா?" என்றார். சில நாள் கழித்து என் தம்பி போய், எனக்கும் ஒரு தடவை கொடுங்கள் என்று கேட்டிருக்கிறான். அதுக்கென்ன, ஓட்டுவோம் என்றார். எனக்கு இரண்டும் தெரியும். இந்த இரண்டு வாக்கும் ஒருநாள் நேருக்கு நேர் வந்து நிற்கும் என்று ஒரு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வருஷம், மாசி மாதம் வந்து நின்றன. ஓட்டுகிற பையன் ஒருவன் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டான். அந்த வண்டியை நீ ஓட்டு என்று தம்பியிடம் செக்ரட்டரி சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பசுவைக் கறக்காமல் அப்படியே விட்டுவிட்டு அவர் வீட்டுக்குக் கிளம்பினாள். பின்னாலேயே தம்பியும் ஓடிவந்தான்.

"ஏத்த மாட்டேன்னு சொன்னீகளேய்யா" என்றாள் அம்மா.

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் தம்பியின் முகத்தைப் பார்த்தார். சுருங்கப்போகிற இரண்டு முகங்கள் ஒரே சமயத்தில் அவர் முன்னால் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். கடைசியில் இரண்டு பேருக்கும் சரி என்று சொல்ல ஒரு வழி கண்டுபிடித்தார்.

"இந்த ஒரு தடவைக்கா. ஓட்டிட்டான்னா ஆசை தீந்துரும், பெறகு அந்தப் பக்கமே வரமாட்டான். பந்தயம் முடிஞ்சு, விளக்கு வைக்கிறதுக்குள்ள நானே கூட்டியாந்து ஒங்க வாசல்ல விட்டுர்றேன். ஒரு கீறல் இருக்காது."

அம்மா மறுத்திருக்கலாம். தம்பி அவளைப் பார்த்த பார்வையில் அவளாலும் முடியவில்லை. "ஒங்களை நம்பித்தான் விடுறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

ஓடுதளம் இருந்த பக்கத்துக் காடுகளில் கொள்ளு அறுவடை முடிந்தால், செடியைப் பிடுங்கிக்கொண்டுவந்து ரோட்டில் விரித்துவிடுவார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துப் பயறு உதிரும். மாடு கட்ட வேண்டாம், ஆள் வைக்க வேண்டாம். யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. ஓடுதளத்தின் தூரத்து நுனியை ஒட்டி ஒரு அக்காவின் காடு இருந்தது. காலையில் ஒத்திகைக்காக எட்டு வண்டிகள் சுற்றிச் சுற்றி ஓடுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பஸ் மணிக்கு ஒன்று வரும், இதுவோ ஓயாமல் சுற்றுகிறது. செக்ரட்டரியிடம் வந்து, "நாலு கட்டுக் கொள்ளு கெடக்குய்யா, அந்தக் கடைசியில விரிச்சுக்கிடவா?" என்று கேட்டிருக்கிறார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

நாங்கள் மத்தியானப் புளியோதரையைப் பிரித்து உட்கார்ந்திருந்த நேரத்தில் அந்த அக்காவும் மருமகளுமாகக் கொள்ளுச் செடியைப் பரப்பிவிட்டார்கள். சக்கரங்கள் அதிகமாக மிதிக்கிற இடம் பார்த்து, டிரம்மைச் சுற்றி, ஒரே சீராக. புறப்படுகிற கோட்டிலிருந்து பார்த்தால் அந்த நுனி வெறும் கானல்தான். நான் தம்பியின் ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்த்தேன், பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன், மணல் வாளிகளைப் பார்த்தேன், இடுப்பில் சாவியைத் தொட்டுப் பார்த்தேன். "போதும்ணே, கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரம் பண்ற மாதிரிப் பண்றியே" என்று சிரித்தான். கொடியை ஆட்டினேன்.

முதல் சுற்றில் வண்டிகள் அந்த நுனியில் வழுக்குவது தெரிந்தது. இரண்டாவது சுற்றில் புகை தெரிந்தது. காய்ந்த செடி கயிறு மாதிரி அச்சில் சுற்றிக்கொண்டு, தாழ்வாக ஓடிய சைலன்சர் குழாயில் பட்டுப் பற்றியிருக்கிறது. சிவப்புக் கொடியை என் பலத்தையெல்லாம் கூட்டி ஆட்டினேன். கிட்டே வந்த வண்டிகள் நின்றன. தம்பியின் வண்டி அப்போது அந்த நுனியில் இருந்தது. அது சுழன்று டிரம்மில் மோதுவதையும், கீழே கிடந்த சருகெல்லாம் குபுக்கென்று எரிவதையும் கோட்டில் நின்றபடியே பார்த்தேன்.

ஓடினேன். எனக்கு முன்னால் அவர் ஓடிக்கொண்டிருந்தார். நாலு அடி நடக்கக்கூட ஸ்கூட்டர் கேட்கிற மனிதர் செருப்பை உதறிவிட்டு, வேட்டி அவிழ அவிழ ஓடினார். மோதிய வேகத்தில் முன்பக்கத்துக் குழாய்கள் மடங்கித் தம்பியின் காலைக் கவ்விப் பிடித்திருந்தன. கொதிக்கிற அந்தக் குழாயை அவர் இரண்டு கைகளாலும் பிடித்தார். நாங்கள் மணலைக் கொட்டி, கடப்பாரையைக் கொடுத்து நெம்பித் தம்பியை வெளியே இழுக்கிறவரை அவர் பிடியை விடவில்லை. அந்த அக்கா ஒரு சாக்கை எடுத்து நெருப்பை அடித்துக்கொண்டே அலறினார்: "அய்யாகிட்டக் கேட்டுட்டுத்தானே போட்டேன்! கேட்டுட்டுத்தானே போட்டேன்!" ஆத்திரத்தில் இரண்டு பேர் அந்த அக்காவை வைதுகொண்டே அடிக்கப் போனார்கள்.

"அவுகளை ஏன்யா வையிறீக?" என்று இவர் திரும்பாமலே கத்தினார். "எங்கிட்டக் கேட்டாக. நான்தான் சரின்னேன்."

வேன் இருந்தது, சாவி என் இடுப்பில் இருந்தது. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். தம்பி பிழைத்துக்கொண்டான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அடுத்தவரைப் பதற வைத்துக் கதை சொல்வது எனக்குப் பிடிக்காது. அவருடைய இரண்டு கைகளுக்கும் கட்டுப் போட்டார்கள். வயதில் பெரியவர் என்று டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டு, வராந்தா முனையில் நிறுத்தி ஏதோ பேசினார். திரும்பி வந்தவரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னண்ணே சொன்னாரு?"

"பயப்படுறதுக்கு ஒண்ணும் இல்ல மாப்ள. கொஞ்ச நாள்ல எந்திரிச்சுருவான்."

"காலு?"

"காலு நல்லாத்தான் இருக்கு."

அவரை அவ்வளவு நாள் பின்சீட்டில் சுமந்தவன் நான். ஆனாலும் நம்பினேன். நம்பினால்தான் அந்த வராந்தாவில் நிற்க முடிந்தது.

ஜூனியர் பந்தயம் அதோடு முடிந்தது. மிச்ச வண்டிகள் பட்டறை ஓரத்தில் கிடந்து துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போயின. அவர் மேல் கோபம் இல்லையா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். இருக்கிறது. நிறையவே இருக்கிறது. ஆனால் அன்று அம்மாவிடம் போய்ச் சொல்ல அவர் என்னை அனுப்பியிருக்கலாம், வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். "வாக்குக் குடுத்தது நானு. நான்தான் வரணும்" என்று எழுந்தார். அதை நினைக்கும்போது கோபம் பாதியில் நின்றுவிடுகிறது.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். இன்னும் விளக்கு வைக்கவில்லை. கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தாள். பின்னால் என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். அவள் கத்தவில்லை. அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவரால் சொம்பைப் பிடிக்க முடியவில்லை. அவளே அவர் வாயில் ஊற்றினாள். பிறகு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"உசுரு இருக்கா?"

"உசுருக்கு ஒண்ணுமில்லக்கா. சத்தியமா ஒண்ணுமில்ல."

"பெறகு?"

"கால்லதான் அடி."

"நடப்பான்ல?"

அவர் வாயைத் திறந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"சும்மாவாச்சும் சொல்லுங்கய்யா. எம் பிள்ளை நடப்பான்ல?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவர் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றுதான் டாக்டர் வராந்தா முனையில் சொல்லியிருப்பார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்தக் காலு?" என்று கேட்டாள்.

அவர் கட்டுப்போட்ட கையை மெதுவாகத் தூக்கித் தன் வலது முழங்காலில் வைத்துக் காட்டினார்.